கரோக்கே இரவும் ஈழத்துப் பொப் பாடலும்: நனவிடை தோய்தல் பற்றிய ஒரு நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் அண்மைக் காலத்திலே பரவி வந்துள்ள ஒரு பொழுதுபோக்கு வடிவம் நமது கவனத்துக்குரியதாகின்றது. நகரத்து விடுதிகளிலும் திருமண மண்டபங்களிலும், பழைய மாணவர் ஒன்றுகூடல்களிலும், புலம்பெயர்ந்தோர் விடுமுறைக்கு வந்து சேரும் ஓகஸ்ட் மாதத்து விருந்துகளிலும், முன்னரே பதிவு செய்யப்பட்ட வாத்திய இசைக்கு வந்திருப்போரே குரல் கொடுத்துப் பாடுவதும், இரவு முதிர்ந்தபின் எழுந்து ஆடுவதும் வழக்கமாகி வருகின்றன. பாடப்படுவன பெரும்பாலும் பழைய பாடல்கள். இந்நிகழ்வுகளை வெறுங் கேளிக்கையெனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயினும், ஒரு சமூகம் எதனை நினைவிற்கொள்ள விழைகின்றது, எதனை நழுவவிட்டது என்பதை அது கூடிக் களிக்கும் இடத்திற் காணுமளவுக்கு அதன் விழாமேடைச் சொற்பொழிவுகளிற் காணவியலாது.

‘நனவிடை தோய்தல்’ என்னுந் தொடர் எஸ். பொன்னுத்துரை தமது இளமைக்கால யாழ்ப்பாண நினைவுகளை எழுதிய நூலுக்கு இட்ட பெயராகும். பின்னர் அது ஈழத்துத் தமிழிலே கடந்தகால ஏக்கத்தைக் குறிக்கும் பொதுச்சொல்லாகவே நிலைபெற்றுவிட்டது. தோய்பவன் நீரின் ஆழத்தை அளப்பதில்லை. இவ்விரவுகளில் நிகழ்வதும் அதுவே. அளக்கும் பணி விமர்சகனுக்கு உரியது. நாம் இங்கு எழுப்ப விரும்பும் வினா ஒன்றே. கரோக்கே என்னும் வடிவம் ஈழத்துக்கே உரித்தான சுயாதீனப் பாடலை வாழவைக்கின்றதா, அன்றி அதன் உயிர்நிலையான ஒரு பண்பை அகற்றிவிட்டு எஞ்சியதை மட்டும் பேணுகின்றதா?

திரைப்படத்துறையைச் சாராது, பாடுபவர் தாமே எழுதியும் இசையமைத்தும் வெளியிடும் பாடலை இன்றைய இளைஞர் ‘இண்டி’ என வழங்குகின்றனர். சுயாதீன இசை என அதனை நாம் கொள்ளலாம். 2021 இல் தீயும் அறிவும் பாடி வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ பெற்ற பெருவரவேற்பின் பின்னர், தமிழிலே சுயாதீன இசை இப்போதுதான் பிறந்தது போன்றதோர் எண்ணம் பரவலாயிற்று. தமிழகத்தைப் பொறுத்தவரை இவ்வெண்ணத்திற் சிறிது நியாயம் உண்டு. 1931 இல் பேசும்படம் தோன்றிய பின்னர் அங்கு வெகுசன இசையிற் பெரும்பகுதியைத் திரைப்படம் தன்னுள் ஈர்த்துக்கொண்டது. நாட்டார் பாடலும் நாடகப் பாடலுங்கூடத் திரையின் வழியாகவே பெருந்தொகையான மக்களை எட்டின. ஈழத்தின் கதை வேறு. இங்கு தமிழ்த் திரைப்படத் தொழில் உறுதியாக வேரூன்றவில்லை. அக்குறையே ஒருவகையில் வாய்ப்புமாயிற்று. 1960களின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம், திரைப்படத்தின் துணையின்றியே, தமிழ் இளைஞர் சிலர் கிற்றாரையும் பொங்கோவையும் கைக்கொண்டு ஒரு புதிய பாடல் வகையை உருவாக்கினர். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன், எஸ். இராமச்சந்திரன், அமுதன் அண்ணாமலை முதலியோர் இவ்வகையில் நினைக்கத்தக்கவர். திருகோணமலையைச் சேர்ந்த பரமேஷ், கோணேஷ் ஆகியோரும், இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் மெல்லிசைப் பாடல்களுக்கு இசை வழங்கிய ஆர். முத்துசாமி, எம். கே. றொக்சாமி போன்றோரும் சற்று வேறுபட்ட திசையில், எனினும் அதே காலச்சூழலில், இயங்கியவர்கள். ‘சின்ன மாமியே’, ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’, ‘சுராங்கனி’ என்பன அன்று முதல் இன்றுவரை சிறுவரும் அறிந்த பெயர்கள். தமிழகம் அரை நூற்றாண்டின் பின்னர் கண்டடைந்ததாகக் கருதும் ஒன்று, உரும்பிராயிலும் கொழும்பிலும் திருகோணமலையிலும் முன்னரே இருந்தது. இதனைப் பெருமைக்காக அன்று, காலக்கணக்கு பிழைபடலாகாது என்பதற்காகவே குறிப்பிடுகின்றோம்.

இப்பாடல்களின் இசையடிப்படையைச் சிறிது விரிவாக நோக்குதல் அவசியம். ஏனெனில் இவற்றை ‘மேனாட்டுப் போலி’ எனச் சொல்லிக் கடந்துவிடுவோரின் பிழை இங்கேதான் தொடங்குகின்றது. பொப் எனப் பெயர் பெற்றிருப்பினும் இவற்றிற் பெரும்பாலானவற்றின் உடல் பைலா ஆகும். பைலா என்னுஞ் சொல் ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கேய வினையடியாகப் பிறந்தது. 1505 இல் இலங்கைக் கரையை அடைந்து, 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தையும் கைப்பற்றிய போர்த்துக்கேயர் இங்கு விட்டுச்சென்றவற்றுள் கத்தோலிக்க சமயம், சில நூறு சொற்கள், இந்த ஆட்டநடை என்பன மட்டுமே இன்றுவரை மக்களிடையே உயிருடன் உள்ளன எனலாம். அவர்களோடு ஆபிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட கபிரியரின் தாளமும் கலந்து கப்ரிஞ்ஞா என்னும் ஆடல் உருவாயிற்று. அதிலிருந்து பைலா கிளைத்தது. 1940களிலே, பொலிஸ் சேவையிலிருந்த வொலி பஸ்தியன் அதனைச் சிங்களத்தில் மேடைக்குரிய பாடலாக்கினார். பின்னர் எம். எஸ். பெர்னாண்டோ முதலியோர் அதனைத் தீவெங்கும் பரப்பினர்.

பைலாவின் தாளம் ஆறு எண்ணிக்கை கொண்டது. அதனை மும்மூன்றாகப் பகுத்து இரண்டு பெரிய அடிகளில் உடல் ஊன்றுகின்றது. நமது சொற்கட்டிற் கூறுவதாயின் ‘தகிட தகிட’. இது திஸ்ர நடைக்கு அயலானதன்று. காவடிச்சிந்தும் கும்மியும் பெரும்பாலும் இந்நடையிலேயே செல்வன. நமது கூத்துகளின் ஆட்டத் தருக்களிலும் மும்மைக் கட்டு உண்டு. ஆதலின் சிங்களக் கரையோரத்திலிருந்து வந்த ஒரு தாளத்தில் யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழ் இத்துணை இலகுவாக அமர்ந்துகொண்டது தற்செயலன்று. கிற்றார் தந்தது சுரக்கூட்டை. நடை ஏற்கெனவே நம்மிடம் இருந்தது. கூத்தின் தாளக்கட்டைப் போற்றுபவர் பைலாவைக் கண்டு முகஞ் சுளிப்பதில் உள்ள முரண் இதனாற் புலனாகும்.

பாடலின் பொருளும் நோக்கத்தக்கது. நித்தி கனகரத்தினம் தமது முதற் பாடல்களை அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தின் மாணவ வாழ்க்கையோடு ஒட்டியே உருவாக்கினார். சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் ஒரே விடுதியில் உண்டு உறங்கிய சூழல் அது. அங்கு இரவிலே கூடிப் பாடுவதற்கென எழுந்த பாட்டில் வீரமோ காவியக் காதலோ இடம்பெறவில்லை. மாமி, அவள் மகள், அவளைத் தேடிவரும் இளைஞன், ஊர்க்கதை, கள்ளுக்கடை என்பனவே இடம்பெற்றன. திரைப்படத்தின் கதாநாயகன் பேசும் தமிழ் அன்று. யாழ்ப்பாணத்து ஒழுங்கையிற் பேசப்படுந் தமிழ். 1960களின் தொடக்கத்திற் சிறுகதையிலும் நாவலிலும் பேச்சுவழக்கு இடம்பெறலாமா என்று ‘இழிசனர் வழக்கு’ப் பற்றிய பெரும் விவாதம் நிகழ்ந்தது யாவரும் அறிந்ததே. அவ்விவாதத்தில் எழுத்தாளர் கொள்கையளவில் வென்றெடுத்த உரிமையை இப்பாடகர் கொள்கை எதுவும் பேசாமலே நடைமுறையில் எடுத்துக்கொண்டனர்.

இக்காலப்பகுதி வேறொரு வகையிலும் குறிப்பிடத்தக்கது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தது. கோயில் வீதியில் விடியவிடிய இசைக் கச்சேரி நடைபெறுகையில் யார் எவ்விடத்தில் இருந்து கேட்கலாம் என்பது சாதியினாலே தீர்மானிக்கப்பட்ட காலம். சின்னமேளத்துக்கு எதிராக ஆறுமுக நாவலர் தொடுத்த கண்டனத்தின் நீண்ட நிழல் இன்னமும் மறைந்திருக்கவில்லை. ஆடும் உடல் இழிந்தது. அதனைப் பார்ப்பது ஒருவாறு மன்னிக்கத்தக்கது. தானே எழுந்து ஆடுவதோ குடும்ப கௌரவத்துக்கு இழுக்கு. இவ்வாறான ஒரு சமூகத்திலே, கேட்பவனையும் ஆடும்படி அழைக்கும் பாட்டு தோன்றியமை சிறு நிகழ்ச்சியன்று. அதனை நாம் புரட்சி என்று கூறமாட்டோம். அவ்வாறு கூறுதல் மிகையாகும். உயர்குடி ஒழுக்கத்தின் உடுப்பிலே விழுந்த ஒரு கிழிசல் என்று கூறலாம்.

இனி இதன் பொருளாதாரப் பின்னணி. 1970 முதல் 1977 வரையான ஆட்சியில் இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டன. மிளகாயும் வெங்காயமும் உள்நாட்டிலேயே விளைவிக்கப்படல் வேண்டுமென்ற கொள்கையால் யாழ்ப்பாணத்து விவசாயி முன்னர் காணாத வருவாயைக் கண்டான். தென்னிந்திய ஜனரஞ்சக சஞ்சிகைகளின் வருகை குறைந்தது. உள்ளூர் வெளியீடுகள் பெருகின. ‘குத்துவிளக்கு’ (1972), ‘பொன்மணி’ (1977), ‘வாடைக்காற்று’ (1978) முதலிய ஈழத்துத் திரைப்படங்கள் எழுந்ததும் இதன் தொடர்ச்சியே. பொப் பாடகர் மனோகரன் ‘வாடைக்காற்று’ படத்தில் நடித்தவர் என்பது இவ்விரு துறைகளுக்கும் இடையிலிருந்த நெருக்கத்தைக் காட்டும். பொப் பாடலின் வளர்ச்சியும் இவ்வாறு தடுப்புச்சுவரின் நிழலில் வளர்ந்த பயிரே. 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்தது. ஒலிநாடாப் பெட்டிகள் இறக்குமதியாகி வீடுதோறும் புகுந்தன. அதே வேளையில், 1976 இல் ‘அன்னக்கிளி’ மூலம் அறிமுகமான இளையராஜாவின் இசை அவ்வொலிநாடாக்களில் ஏறி வந்தது. சுவர் இடிந்ததும் பயிர் வாடிற்று. ‘சுராங்கனி’ 1977 இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் தமிழகத் திரைப்படத்திற் பயன்படுத்தப்பட்டது. அதன் பயனாக, ஈழத்தில் திரைக்கு வெளியே பிறந்த ஒரு பாட்டு தமிழகத்துப் பலருக்குத் திரைப்பாட்டாகவே அறிமுகமாயிற்று.

விமர்சனம் இதற்கு என் செய்தது? இரு திசைகளிலிருந்தும் புறக்கணிப்பே கிட்டியது. ஒருபுறம் கர்நாடக இசையை ஒழுக்கத்தின் அடையாளமாகக் கொண்ட சைவ நடுத்தர வர்க்கம். மறுபுறம் மக்கள் கலையைத் தேடிய முற்போக்கு அணி. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்தை மேடைக்குரிய கலையாக மீட்டெடுத்த பணியின் பெறுமதியை நாம் குறைத்துரைக்க முற்படவில்லை. அதன் வழியே கூத்து ஆய்வுப் பொருளாயிற்று, பாடத்திட்டத்தில் இடம்பெற்றது, நூல்கள் எழுந்தன. மருதனார்மடத்தில் 1960 இல் தொடங்கப்பெற்ற இராமநாதன் நுண்கலைக் கழகம் 1975 இல் பல்கலைக்கழக வளாகத்தோடு இணைந்தபோது கர்நாடக இசைக்கும் நிறுவன அரண் கிடைத்தது. கிராமத்துக் கூத்துக்கும் கோயில் இசைக்கும் இடையே நின்ற பைலாவுக்கு இரண்டும் இல்லை. கிராமத்து மக்கள் கலையெனின் அது நமது பாரம்பரியம். நகரத்து மக்கள் கலையெனின் அது சீரழிவு. மக்கள் என்னும் கருத்தாக்கத்தை இவ்வாறு வயல்வெளியோடு நிறுத்திக்கொண்ட விமர்சனம், ஒரு பஸ் சாரதியும் எழுதுவினைஞரும் தொழில்நுட்ப மாணவனும் பாடிய பாட்டைக் கேட்கத் தவறிவிட்டது. திரைப்படத்தை ஒரு சமூகத் தொடர்பு சாதனமாகக் கொண்டு ஆராய்ந்த கா. சிவத்தம்பியின் முயற்சி இவ்வகையில் ஒரு விதிவிலக்கு. அம்முறை பாடலுக்கு விரிக்கப்பட்டிருப்பின் நமது நிலை வேறாயிருக்கும்.

போர்க்காலம் பற்றிச் சிறிது கூறாமல் இன்றைய இரவுகளை விளங்கிக்கொள்ளவியலாது. 1990 இல் மீண்டும் போர் மூண்டதும் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று. மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னைக்கொண்டு வானொலியையும் ஒலிநாடாப் பெட்டியையும் இயக்கிய அனுபவம் அக்காலத்து யாழ்ப்பாணத்தவர் அனைவருக்கும் பொதுவானது. சுழற்றுபவன் களைத்தால் பாடகரின் குரலும் தளர்ந்து தடித்தது. இன்று நாற்பதையும் ஐம்பதையும் கடந்தவர்களின் செவியில் 1980களின் திரைப்பாடல் பெற்றுள்ள தனியிடத்துக்கு இதுவே காரணமாகலாம். உழைத்துப் பெற்ற பாட்டு அது. அதே ஆண்டுகளில் இயக்கப் பாடல்கள் பெருகின. கோயில் மேடைகளிலிருந்து வந்த எஸ். ஜி. சாந்தன் போன்ற பாடகர் அப்பாடல்களுக்கும் குரலாயினர். நையாண்டியும் களியாட்டும் அக்காலத்துக்குப் பொருந்தாதனவாயின. ஆடல் நின்றது.

இவற்றினும் பெரிய இழப்பு இரவு. முன்னைய திருவிழாக்களில் கோஷ்டிகளின் இசை நள்ளிரவுக்குப் பின்னரே சூடுபிடிக்கும். கடைசிப் பாட்டு முடிகையில் கிழக்கு வெளுத்திருக்கும். கச்சான் கடையும் ஐஸ்கிறீம் வானும் பாய் விரித்து உறங்கும் சிறுவருமாக அவ்விரவு ஒரு பொதுவெளியாக இருந்தது. 1983 இன் பின்னர் இவ்வெளி சுருங்கத் தொடங்கியது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் முழுதும் இடம்பெயர்ந்தனர். மீண்டவர்க்கு ஊரடங்கே இரவின் பெயராயிற்று. 2002 இன் போர்நிறுத்தம் தந்த சிறு இடைவெளியும் 2006 ஓகஸ்ட்டில் மூடப்பட்டது. ஒரு தலைமுறை முழுவதும், பொழுது சாய்ந்தபின் வீதியில் நிற்காது வளர்ந்தது. எனவே இன்று விடுதியொன்றில் இரவு பதினொரு மணிக்கு ஐம்பது வயதினர் கூடி நின்று பாடுவதைக் காண்கையில், அவர்கள் மீட்டுக்கொள்வது பாட்டை மட்டுமன்று, தமக்கு மறுக்கப்பட்டிருந்த இரவையுமே என்பதை விமர்சகன் மறத்தலாகாது. இவ்விரவுகளின் மீது நாம் வைக்கும் குறைகள் இந்த நியாயத்தை ஏற்றுக்கொண்ட பின்னர் வைக்கப்படுவன.

அவ்விரவின் ஒழுங்கமைப்பைக் கவனிப்போர்க்கு ஓர் உண்மை விரைவிற் புலனாகும். தனியாக ஒருவர் ஒலிவாங்கியைப் பெற்றுப் பாடுவது திரைப்பாடல். அதிலும் பெரும்பாலும் இளையராஜாவின் காலத்துப் பாடல். எஸ். பி. பாலசுப்பிரமணியத்தினதோ எஸ். ஜானகியினதோ குரலை இயன்றவரை நெருங்குதலே அங்கு வெற்றி. அவை அமர்ந்து கேட்கின்றது, கைதட்டுகின்றது. நாழிகை செல்லச்செல்ல, ஆடவேண்டும் என்ற துடிப்பு எழுந்தவுடன் திரைப்பாடல் பின்வாங்கி ஈழத்துப் பைலா முன்வருகின்றது. அப்போது ஒலிவாங்கி யார் கையில் உள்ளது என்பது எவர்க்கும் பொருட்டன்று. ஒருவர் அடியெடுத்தால் அனைவரும் முடிக்கின்றனர். தனிமனித உணர்ச்சிக்குத் தமிழகத் திரையிடமிருந்து கடன் வாங்குகின்ற நாம், கூட்டுக் களிப்புக்கு மட்டும் நமது சொந்தப் பாட்டை நாடுகின்றோம். ஈழத்துப் பொப் பாடலுக்குத் தொழத்தக்க குரல் எதுவும் இல்லை. மனோகரனைப்போலப் பாடிவிட்டார் என்று எவரையும் பாராட்டுவதில்லை. குறைபாடு போலத் தோன்றும் இதுவே அதன் இயல்பும் வலிமையும் ஆகும்.

பெண்களைப் பொறுத்தவரை கரோக்கே ஒரு முன்னேற்றத்தைக் கொண்டுவந்துள்ளது என்பதையும் ஏற்றல் வேண்டும். 1970களின் பொப் மேடை ஏறத்தாழ முழுவதும் ஆண்களுடையது. பெண் அங்கு மாமியாகவும் மகளாகவும் சுராங்கனியாகவும் பாட்டினுள் மட்டுமே இருந்தாள். இன்று ஆசிரியையும் வங்கி உத்தியோகத்தரும் பேத்தி கண்ட பாட்டியும் ஒலிவாங்கியை வாங்கிப் பாடுகின்றனர். குரல்வளம் என்னும் தகுதியும் இங்கு கேட்கப்படுவதில்லை. ஆயினும் ஆடுவதற்கான வெளி திறந்ததும் ஆண்கள் நடுவே செல்ல, பெண்கள் நாற்காலியை விட்டு எழாது கைதட்டுவதையே நாம் பெரும்பாலும் காண்கின்றோம். பாடலாம், ஆடலாகாது என்னும் பழைய வரம்பு புதிய மண்டபத்திலும் கோடிட்டுள்ளது.

கரோக்கே என்னும் கருவியின் தன்மைக்கு வருவோம். 1971 அளவில் ஜப்பானின் கோபே நகரில் இனோவே டைசுகே என்னும் இசைக்கலைஞர் உருவாக்கிய இயந்திரத்திலிருந்து இவ்வழக்கம் பரவியது. தமது கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. வெறுமையான வாத்தியக்குழு என்பதே அச்சொல்லின் பொருள். பாடகன் இல்லாத இடத்தை அது காலியாக வைத்திருக்கின்றது. ஆனால் அக்காலியிடம் மிகத் துல்லியமாக அளந்து வைக்கப்பட்ட ஒன்று. எத்தனை அடி, எவ்வடியின் பின் எவ்வளவு இடைவெளி, எங்கு முடிவு என்பன யாவும் முன்னரே தீர்மானிக்கப்பட்டுள்ளன. திரையில் எழுத்துகள் நிறம் மாறிச் செல்கின்றன. புலம்பெயர் நாட்டில் வளர்ந்தோர்க்காகப் பல வேளைகளில் உரோமன் எழுத்திலே செல்கின்றன. பாடுபவர் அவ்வெழுத்தைத் துரத்திச் செல்கின்றார். திரைப்பாடலுக்கு இது பொருந்தும். அது முற்றாக முடிக்கப்பட்ட பண்டம். பைலாவுக்கு இது பொருந்துமா?

பைலாவின் தொடக்க வடிவங்களுள் ஒன்று வாதப் பைலா. இருவர் எதிரெதிரே நின்று, கொடுக்கப்பட்ட பொருளில், அவ்விடத்திலேயே அடி கட்டிப் பாடிப் போட்டியிடுவர். நமது எசப்பாட்டும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. தமிழ்ப் பைலாவிலே மேடைப் போட்டி இல்லாவிடினும் அதன் உள்ளியல்பு அழியாது வேறோரிடத்தில் வாழ்ந்தது. பாடசாலைச் சுற்றுலா செல்லும் பஸ்வண்டியின் பின்னாசனம் அவ்விடம். ஒரு வாளியோ தகரமோ மேளமாக, ‘சின்ன மாமியே’யின் மெட்டில் ஆசிரியரின் பெயரும் அதிபரின் மீசையும் விடுதிச் சாப்பாட்டின் குறையும் அடிகளாக ஏறின. மூலப்பாட்டின் பல்லவி ஒன்றே நிலையானது. சரணங்கள் ஊருக்கும் வகுப்புக்கும் ஆண்டுக்கும் ஏற்ப மாறின. இவ்வாறு சேர்க்கப்பட்ட அடிகளே அப்பாடலின் உண்மையான வரலாறு என நாம் கருதுகின்றோம். அச்சேறிய பாடமும் இசைத்தட்டிற் பதிந்த பாடமும் அவ்வரலாற்றின் முதலாவது அத்தியாயம் மட்டுமே. கரோக்கேயின் நிறம் மாறும் எழுத்து இந்தச் சேர்க்கும் உரிமையைப் பறித்துவிடுகின்றது. எவரும் தடுக்கவில்லை, அடுத்த வரி திரையில் வந்துவிடுகின்றது, அவ்வளவே.

இதற்குத் தொழில்நுட்பம் மட்டும் காரணமன்று. பழைய இசைத்தட்டுகளிற் குரலும் வாத்தியமும் ஒன்றாகவே கலந்து பதியப்பட்டன. ஆதலின் ஈழத்துப் பாடலொன்றைக் கரோக்கேக்கு உரியதாக்க வேண்டுமாயின் எவரேனும் விசைப்பலகையில் அதன் இசையைப் புதிதாக அமைத்தல் வேண்டும். அண்மைய கணினிச் செயலிகள் கலந்த ஒலியிலிருந்து குரலைப் பிரித்தெடுக்க வல்லனவாயினும், அதற்கும் மூல ஒலிப்பதிவு நல்ல நிலையிற் கிடைத்தல் வேண்டும். திரைப்பாடலுக்குச் சந்தை இதனைச் செய்துகொடுக்கின்றது. நமது பாடல்களிலோ சந்தை ஏழெட்டையே எடுத்துக்கொண்டது. அவையே எவ்விடத்தும் மீண்டும் மீண்டும் ஒலிக்கின்றன. மெல்லிசைப் பாடல்களின் நிலை இதனினும் கடினம். கவிஞர்கள் எழுதி, வானொலிக் கலையகத்தில் தேர்ந்த இசைக்கலைஞர் இசைத்த அப்பாடல்களுள் பெரும்பாலானவற்றை இவ்விரவுகளில் எவரும் கேட்பதில்லை. நினைவு எனப்படுவது இங்கு கிடைக்கக்கூடிய பண்டங்களின் பட்டியலாகச் சுருங்குகின்றது.

சுருங்கும்போது முதலில் உதிர்வது நையாண்டி. ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ ஓர் அறிவுரைப் பாட்டு. அதன் நகைச்சுவையின் பின்னே குடியினாற் சிதைந்த குடும்பத்தின் சித்திரம் உண்டு. இன்று மதுக்கிண்ணத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அப்பாட்டுக்கு ஆடுகின்றனர். இதனைக் கண்டு நாம் சினங்கொள்ளவில்லை, பாடியவரே சிரித்திருப்பார். ஆயின் போருக்குப் பிந்திய குடாநாட்டில் மதுவும் போதைப்பொருளும் இளைஞரைப் பற்றியுள்ள நிலையில், அதே மெட்டில் இன்றைய கள்ளுக்கடையைப் பற்றி ஒரு சரணந்தானும் எழவில்லை என்பது கவலைக்குரியது. ‘சுராங்கனி’யும் அவ்வாறே. ஒரு சிங்களப் பெண்ணுக்கு மீன் கொண்டுவந்ததைப் பாடும் பாட்டினைத் தமிழர் சிங்களச் சொற்கள் கலந்தே பாடி ஆடினர். மொழிச் சட்டமும் தரப்படுத்தலும் இனங்களைப் பிரித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இது நிகழ்ந்தது. இலங்கையைத் தாய்நாடாகப் போற்றிய பாட்டும் மனோகரனுடையதே. பின்னர் அவர் தமிழகத்திற் குடியேறி 2018 ஜனவரியில் சென்னையில் மறைந்தார். நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவுக்குப் புலம்பெயர்ந்தார். பாடியவர் சிதறிய வரலாறு பாட்டை ஆடுவோரின் காலடியில் உறுத்துவதாகத் தெரியவில்லை.

இறுதியாக, இவ்விரவுகள் யாருடையவை என்னும் வினா. கோயில் வீதியின் இசையைச் சாதி பிரித்தது எனின் மண்டபத்து இசையை நுழைவுச்சீட்டும் உணவுப் பட்டியலின் விலையும் பிரிக்கின்றன. யாழ்ப்பாணக் கோட்டையை அடுத்த முற்றவெளி, 1974 ஜனவரியில் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிநாளில் உயிரிழந்தோரின் நினைவுச்சின்னம் நிற்கும் இடமாகும். அங்கு 2023 ஒக்டோபரில் சந்தோஷ் நாராயணன் கட்டணமின்றி இசைநிகழ்ச்சி நடத்தியபோது பெருந்திரள் கூடிற்று. 2024 பெப்ரவரி 9 ஆம் திகதி அதே வெளியில் ஹரிஹரன் பங்குபற்றிய நிகழ்ச்சியில், கட்டணம் செலுத்தியோரையும் ஏனையோரையும் பிரித்திருந்த தடுப்புகளைக் கூட்டம் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தது, நிகழ்ச்சி தடைப்பட்டது. மறுநாள் இளைஞரின் ஒழுக்கக் கேடு பற்றிப் பலரும் எழுதினர். ஒழுக்கம் பற்றிப் பேசியோருள் மிகச் சிலரே அத்தடுப்பைப் பற்றிப் பேசினர். இளைஞர் செய்ததை நாம் நியாயப்படுத்தவில்லை, காயமுற்றோரும் உளர். எனினும், பொதுவெளியான இரவை அறியாது வளர்ந்த தலைமுறைக்கு அவ்விரவு முதன்முதலாகக் கம்பிவேலிக்கு அப்பால் காட்டப்படுமாயின், அவ்வேலியையும் ஆய்வுப் பொருளாகக் கொள்ளுதல் முறை.

செய்யவேண்டிய பணி ஒன்று நம்முன் உள்ளது. அதற்குக் காலமும் குறைவு. 1970 இல் இருபது வயதினராயிருந்தோர் இன்று எழுபதை நன்கு கடந்துவிட்டனர். இசைத்தட்டுகளும் ஒலிநாடாக்களும் இடப்பெயர்வுகளிற் பெருமளவு அழிந்தன. 2005 முதல் இயங்கிவரும் நூலகம் நிறுவனம் அச்சு ஆவணங்களுக்கு ஆற்றியுள்ளது போன்ற பணி இப்பாடல்களுக்கும் தேவை. ஆயினும் ஒலிப்பதிவுகளைத் திரட்டுவதோடு அது நிறைவுறாது. பஸ்வண்டியிலும் விடுதி முற்றத்திலும் அகதிமுகாமிலும் சேர்க்கப்பட்ட அடிகளைப் பாடியவர் வாயிலாகவே கேட்டுப் பதிதல் வேண்டும். ஏட்டுச்சுவடிகளுக்குப் பாடபேதம் குறித்துப் பழகிய துறை நமது. ஒரு செய்யுளின் நான்கு பாடங்களையும் அடிக்குறிப்பில் இட்டு, எது எந்த ஏட்டில் உள்ளது என்று காட்டும் பொறுமை நம்மிடம் உண்டு. அதே முறையில் ஒரு பைலாவின் பாடபேதங்களையும், பாடிய ஊர், ஆண்டு, சந்தர்ப்பம் என்பவற்றோடு எழுதிவைக்கலாம். கொச்சையைத் திருத்தாமலும், ஆசிரியரைக் கேலிசெய்த வரிகளை நீக்காமலும், சிங்களச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் இடாமலும் எழுதிவைத்தல் வேண்டும். அடுத்த ஓகஸ்ட்டில் வெளிநாடுகளிலிருந்து வருவோருள் அவ்வடிகளை இன்னும் மனனமாக அறிந்தோர் இருப்பர். ஒலிவாங்கியை அவர்களிடம் கொடுக்கையில், திரையைச் சற்று நேரம் அணைத்துவைத்தாற் போதும்.